பன்றி ஓடினாலும் சட்டம் விடாது

கேள்வி: தோட்டத்துக் காட்டுப்பன்றியை விரட்டத்தானே, நாமே ஒரு துப்பாக்கி செய்துகொண்டால் என்ன?
– வாசகர், கிள்ளான்

பதில்: பன்றி ஓடிவிடும், நீங்கள் ஓட முடியாது! உரிமமின்றித் துப்பாக்கி செய்வதே மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி குற்றம். பயிர் காக்க வேண்டுமென்றால் போலீசில் உரிமம் கேட்கும் வழி இருக்கிறது.

1971-இல் வந்த இன்னொரு சட்டம் இன்னும் சூடானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். பயிர் காக்க ஒன்று செய்தவரும் கொள்ளைக்கு ஒன்று வைத்தவரும் ஒரே சட்டத்தின் பிடியில். அந்த வேறுபாட்டை நீதிபதி எடைபோட இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சட்டத்திலும் இருந்த கட்டாய மரண தண்டனையை 2023-இல் நீக்கியதை அதனால்தான் மனதார வரவேற்றேன்.

ஆனால் தடையைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். 2022-இல் ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றதும் வீட்டில் செய்த துப்பாக்கிதான். "கடுமையான சட்டம் இருந்தும் தடுக்கவில்லையே" என்பார்கள். கடையில் எளிதாகக் கிடைத்திருந்தால் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்? பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நம் பிள்ளைகள் இரவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே வீடு திரும்புகிறார்கள். அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.