காருக்கு எதுக்குடா கரண்டு?

எட்மன்டன், ஆல்பர்ட்டா
21-1-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செந்தில் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உமாவும் நலம். பெரியம்மா முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்துவிட்டதா என்று உமா கேட்கச் சொன்னாள்.

நான் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டதைத் தம்பி அப்படியே சொன்னான். "பெட்ரோல் காருன்னுதானே சொன்னான்? அப்புறம் காருக்கு எதுக்குடா கரண்டு? செவுத்துலேர்ந்து ஒயர் போவுதே!" முப்பத்துநாலு வருஷம் கரண்டு ஆபீசில் இருந்தவர் இப்படிக் கேட்டபிறகு, அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பார்த்தது சரிதான். டொரன்டோவில் ஓட்டிய அதே பழைய பெட்ரோல் கார். அதன் மூக்கிலிருந்து நாக்கு மாதிரி தொங்குகிறதே, அதுதான் ப்ளாக் ஹீட்டர் ஒயர். நம் வீட்டில் பெரியம்மா வெந்நீருக்குப் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு இருக்கிறதல்லவா, அதன் தம்பி. இன்ஜினுக்குள்ளே ஓடும் தண்ணீரில் முங்கிக்கொண்டு கிடக்கும். நானூறு வாட். ராத்திரி சுவரில் சொருகினால் இன்ஜினை ஒரு மாதிரி வெதுவெதுப்பாக வைத்திருக்கும். இங்கே மைனஸ் முப்பதில் இன்ஜின் ஆயில் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். பேட்டரிக்கும் அப்போது உயிர் பாதிதான். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்தாலே "என்னா பனி, என்னா பனி" என்று மப்ளர் கட்டிக்கொண்ட ஜாதி நாம்.

இது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வேறு மாகாணத்து வண்டியைப் பரிசோதனை செய்த பிறகுதான் இங்கே நம்பர் கொடுப்பார்கள். அதற்காக வண்டியை விட்டபோது மெக்கானிக், "ஹீட்டர் இல்லையா?" என்று கேட்டான். "ஏன் இல்லாமல்?" என்று பெருமையாக உள்ளே உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, அவன் முகத்தில் சூடாகக் காற்று விட்டுக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கருணை இருந்தது. முந்நூறு டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு ஒயரைத் தொங்கவிட்டான். போதாததற்கு, இங்கே நம்பர் பிளேட் பின்னால் மட்டும்தான். முன்னால் நம்பர் போன இடம் காலியாக இருக்க, கீழே ஒயர் தொங்க, வண்டி பல் விழுந்து நாக்கை நீட்டுகிற கிழவன் மாதிரி நிற்கிறது.

வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே பதவி இப்போது ப்ளக் போடுவதுதான். உமாதான் வண்டியை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள். நான் டொரன்டோ ஆபீஸ் வேலையையே வீட்டிலிருந்து பார்க்கிறேன். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஏழு. எட்டரைக்கு மேல்தான் விடிகிறது, ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. பெண்டாட்டி வேலைக்காக இவன் ஊர் மாறினான் என்று சித்தப்பா பேசிக்கொண்டாராம். பேசட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று சட்டை, அதன்மேல் கோட்டு, குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு ஒயர் சொருகப் போகிறவன் நான்தான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரம் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பத்து மணி நேரம், நாலு யூனிட். உங்களுக்கு நெஞ்சு பதறும் என்று தெரியும். அப்புறம் டைமர் வாங்கி, விடிகாலை மூன்றுக்கு ஆரம்பித்து ஏழுக்கு நிற்கிற மாதிரி வைத்தேன். ஒன்று புள்ளி ஆறு யூனிட். ஆனாலும் டைமர் வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று மணிக்கு நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன். "டைமருக்குப் பதிலா உங்களையே வாசல்ல கட்டிப்போட்டிருக்கலாம்" என்கிறாள் உமா. இன்னொரு நாள் வண்டியை நான் எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கை காட்டினார்கள். புது ஊரில் இவ்வளவு அன்பா என்று நானும் பதிலுக்குக் கை காட்டிக்கொண்டே போனேன். இருபத்தைந்து அடி ஆரஞ்சு ஒயர் வாலாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா, இங்கே எல்லோரும் ஒருமுறையாவது அப்படிப் போனவர்கள்தான் என்று ஆறுதல் சொன்னார். ஆபீஸ்களில், சில கடைகளில் கார் நிறுத்தும் இடத்திலேயே வரிசையாக ப்ளக் வைத்திருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் முளைக்குச்சியில் கட்டிய மாதிரி அத்தனை கார்களும் கயிற்றோடு நிற்கும்.

நாங்கள் வந்த கதையை அம்மா அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். அக்டோபரில் ஸ்கார்பரோவிலிருந்து காரிலேயே வந்தோம். கிட்டத்தட்ட மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர், ஐந்து நாள். அதில் இரண்டு நாள் ஒன்டாரியோ மாகாணத்தை விட்டு வெளியே வரவே சரியாகப் போயிற்று. சுப்பீரியர் ஏரி ஒரு பக்கம் முடியவே முடியாமல் வந்துகொண்டிருந்தது. வாவா என்று ஓர் ஊர். பேரைப் பார்த்ததும் "கூப்பிடறாங்க, எறங்குங்க" என்றாள் உமா. ஊர் வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வாத்துச் சிலை. அதன் பிறகு மூன்று நாள் கழித்து, எட்மன்டனுக்குக் கிழக்கே வெக்ரவில் என்கிற ஊரில், லாரி நீளத்துக்கு ஒரு முட்டை. உக்ரைன்காரர்கள் ஈஸ்டருக்குச் சித்திரம் எழுதுவார்களே, அந்த மாதிரி கோலம் போட்ட முட்டை, 1975-ல் வைத்தது, காற்றடித்தால் திரும்புமாம். உமா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வாத்து பாவம், இவ்வளவு தூரம் வந்துதான் முட்டை போட்டிருக்கு. நம்மள மாதிரி."

இங்கே மில்வுட்ஸ் பக்கம் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் வீட்டில் கீழ்த்தளம் வாடகைக்கு. ஸ்கார்பரோவில் எட்டு வருஷம், முருங்கைக்காயிலிருந்து இடியாப்பம் வரைக்கும் தமிழிலேயே விலை கேட்டு வாங்கினோம். இலங்கைக்காரக் கடை அண்ணன் நான் கேட்காமலே கருவேப்பிலையைப் பையில் போடுவார். இங்கே 34-வது அவென்யூவில் கடைகள் இருக்கின்றன, ஆனால் பஞ்சாபியில் இருக்கின்றன. கருவேப்பிலையும் கிடைக்கிறது. அதைக் கடை வாசலிலிருந்து கார் வரை கொண்டுவருவதுதான் சாமர்த்தியம். முதல் தடவை கையில் பிடித்துக்கொண்டு வந்தேன், காருக்குள் ஏறும்போது கறுத்துவிட்டது. இப்போது கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வருகிறேன். வாழைப்பழத்துக்கும் அதே மரியாதை.

பெருமைக்கும் ஒன்று சொல்கிறேன், சித்தப்பா காதில் விழுகிற மாதிரி வாசியுங்கள். டொரன்டோவில் விற்பனை வரி 13 சதவீதம். இங்கே மாகாண வரியே கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதத்தோடு சரி. முதல் மாதம் பில்லைப் பார்த்துப் பார்த்து ஆசையில் தேவையில்லாததெல்லாம் வாங்கினோம். அந்தச் சந்தோஷத்தைக் கரண்டு பில் வந்து தின்றுவிட்டது. இங்கே 2001-லிருந்து மின்சாரம் யாரிடம் வாங்குவது என்பது நம் இஷ்டம். கம்பெனிகள் போட்டி போட்டு விற்கின்றன. பில்லில் கரண்டுக்கு ஒரு விலை. பிறகு அது பெரிய கம்பியில் வந்ததற்கு ஒன்று, சின்னக் கம்பியில் வந்ததற்கு ஒன்று, பில் போட்டதற்கு ஒன்று, நகரத்து மண்ணில் கம்பி ஊன்றியதற்கு ஒன்று. கரண்டு விலையைவிடக் கரண்டு நடந்து வந்த கூலி அதிகம். நம்ம ஊரில் முதல் நூறு யூனிட் இலவசம் என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இப்போது முக்கியமான சங்கதி. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, 13-ம் தேதி சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். வெளியே மைனஸ் முப்பத்தைந்தைத் தாண்டிக் குளிர். திடீரென்று எங்கள் இரண்டு பேர் போனும் சேர்ந்து அலறின. மேல்வீட்டிலும் அலறுவது கேட்டது. மாகாண அரசின் அவசர எச்சரிக்கை: கரண்டு தட்டுப்பாடு, தேவையில்லாத விளக்கை அணையுங்கள், பெரிய சாமான்களை ஓட்டாதீர்கள், அடுப்புக்குப் பதில் மைக்ரோவேவில் சமையுங்கள், ப்ளாக் ஹீட்டரை இப்போது சொருகாதீர்கள். ப்ளாக் ஹீட்டர் என்று பேர் சொல்லியே எழுதியிருந்தது, பெரியப்பா. குளிரில் மாகாணமே ஒரேயடியாகக் கரண்டை இழுக்க, லோடு தாங்கவில்லை.

எனக்கு உங்கள் ஞாபகம்தான். 2012-ல் நம்ம ஊரில் நாளுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கட். ராத்திரியெல்லாம் உங்கள் போன் அடிக்கும். "லோடு தாங்கல, மோட்டரை அரைமணி நிறுத்துங்கப்பா" என்று நீங்கள் கெஞ்ச, "மொதல்ல ஒன் வீட்டுல நிறுத்தினியா?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். அதற்காகவே நம் வீட்டு ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் திண்ணையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பெரியம்மா திட்டிக்கொண்டே இருப்பாள்.

அதனால் நானும் ஓடினேன். ஒரு விளக்கு விடாமல் அணைத்தேன். டைமர் மூன்று மணிக்குத்தான் ஆரம்பிக்கும் என்பது கூடத் தோன்றாமல், செருப்போடு வெளியே போய்க் கார் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, உள்ளே கொண்டுவந்து, ஜன்னல் ஓரம் தெரிகிற மாதிரி வைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். "ஒரு கொசு கடிச்சா நம்ம ஊருதான்" என்றாள் உமா. மறுநாள் செய்தியில் சொன்னார்கள்: போன் அலறிய சில நிமிஷத்திலேயே 200 மெகாவாட் குறைந்துவிட்டதாம். ஒரு வீடு கூட இருட்டாகவில்லை. சொன்னதும் ஜனங்கள் அணைத்திருக்கிறார்கள், பெரியப்பா. நீங்கள் இதை இரண்டு தடவை வாசிப்பீர்கள் என்று தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டது என்று சேதி வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு நான் பழக்கதோஷத்தில் "ஏய்ய்ய், வந்துருச்சு!" என்று கத்தினேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கரண்டு போகவே இல்லையே, யார் கத்துவார்கள்? உமா மட்டும் பாவம் என்று ஒரு தடவை கத்தினாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒயரைத் திரும்பச் சொருக மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெல்லம், கரும்பு வாங்கப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தாத்தா பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர், "பூஸ்ட் வேணுமா?" என்றார். குளிரில் எனக்குக் கபில்தேவ் விளம்பரமும் ஒரு டம்ளர் சூடான பாலும் கண்ணில் தெரிந்தன. "சர்க்கரை கம்மியா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் தன் வண்டியைக் கொண்டுவந்து பேட்டரிக்குப் பேட்டரி ஒயர் கொடுத்தார். அவர் எச்சரிக்கை முடிந்ததும் சொருகிவிட்டாராம். "ரெண்டு மணி நேரம் பொறுக்கச் சொன்னால் ராத்திரி பூராவுமா?" என்று கேட்டார். எங்கள் பெரியப்பா வளர்ப்பு அப்படி என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

வெல்லம் கிடைத்தது, கரும்பு கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆறரைக்கு அங்கே உங்களுக்குப் பொங்கல் காலை ஏழு மணி. நீங்கள் எல்லாம் வாசலில் நிற்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டே நாங்களும் பொங்குவதாக ஏற்பாடு. உமாவுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. அரசாங்கமே மைக்ரோவேவ் என்று சொல்லியிருக்கிறது என்று கண்ணாடிப் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி உள்ளே வைத்துவிட்டாள். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குனிந்து நின்று "பொங்கலோ பொங்கல்" சொன்னதைத்தான் நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். பொங்கியது உண்மை. அம்மா வழக்கம்போல, "எந்தப் பக்கம் பொங்கிச்சுடா?" என்று கேட்டாளே, நான் பதில் சொல்லாமல் லைன் சரியில்லை என்று சொன்னேனே, காரணம் இதுதான்: உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் பொங்கிவிட்டது. இந்த வருஷம் எங்களுக்கு நல்லதா கெட்டதா என்று பெரியம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள். தட்டைக் கழுவ எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: எக்ஸ்டென்ஷன் ஒயர் எத்தனை தடிமன், எர்த் இருக்கிறதா. தடிமனானதுதான், மூன்று பின், வெளியில் போடுவதற்கென்றே விற்பது. சாதா ஒயர் இந்தக் குளிரில் குச்சி மாதிரி விறைத்துவிடும். அடுத்த தடவை படம் எடுக்கும்போது ப்ளக்கைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

இன்றைக்குக் குளிர் விட்டுவிட்டது, மைனஸ் பத்துதான். மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால்தான் சொருக வேண்டும், இதற்கெல்லாம் தேவையில்லை என்று தாத்தா சொன்னார். உமாவும் சொன்னாள். கடிதத்தை முடித்துவிட்டுப் போய்ச் சொருகிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
செந்தில்

பி.கு.: அந்தப் பழைய ஃபியூஸ் கேரியர் இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் தம்பி வரும்போது கொடுத்தனுப்புங்கள். உமாவிடம் சொல்ல வேண்டாம்.