எழுபது எடுத்தால் பாஸ்

மார்க்குக்காகவே பிள்ளை வளர்க்கும் நாட்டில் எங்கள் பையனும் ஒரு பரீட்சையை முடித்தான். ‘ஐசா’ என்று பெயர். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவிலேயே செய்த அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 வந்தால் 40 சதவீத ஊனம், அரசாங்கச் சான்றிதழ். 69 என்றால் ஆட்டிசமே இல்லை, வீட்டுக்குப் போகலாம். பெற்ற பிள்ளை மோசமான மார்க் எடுக்க வேண்டுமே என்று தாய் வேண்டிக்கொள்ளும் பரீட்சை வேறு எங்காவது உண்டா?

சான்றிதழுக்குக் காத்திருந்த இடத்தில் பையன் பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோக்கன் நம்பர் கூப்பிடும் மைக் அப்படிக் கத்தியது. அந்த நேரத்தில்தான் கேள்வித்தாளை எனக்குள் மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன்.

கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா என்று கேட்டவர், கடைசிவரை காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொன்னதையே சொல்கிறானா? ஜன்னலில் இருந்தவர் ‘அடுத்த வியாழன் வாங்க’ என்று நாலு வியாழக்கிழமை சொன்னார். எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறானா? பள்ளிக்கூடங்களைக் கேளுங்கள். “மத்த பிள்ளைங்க மாதிரி உக்காருவானா சார்?” மூன்று பள்ளி, மூன்று தலைமையாசிரியர், எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியம். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை மூவரிடமும் சொன்னேன். மூவரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆபத்தை உணராமல் இருக்கிறானா என்றும் ஒரு கேள்வி. அதற்கு ஏசி போட்ட ஒரு ஸ்டெம்செல் கிளினிக்குக்கு முழு மார்க் போடலாம். “முதுகுல ஊசிதான் சார், மூணே சிட்டிங், பேச்சு வந்துடும்.” விலையை மட்டும் தனி அறையில் சொன்னார்கள். ஸ்டெம்செல் ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல, முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதல். ஆய்வுக்கூடத்தில் எலிக்கு யாரும் பில் போடுவதில்லை. இங்கே எலியின் அப்பன் வீட்டை அடகு வைத்துவிட்டு வருகிறான்.

இவர்களையெல்லாம் அவனோடு ஒப்பிட்டதற்காக என் மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் காதைப் பொத்தினால் அதற்குக் காரணம் இருக்கிறது. சத்தம் அவனுக்கு வலிக்கிறது. இவர்களுக்கு எங்கே வலிக்கிறது?

அவனைப் ‘பேச’ வைத்தது எந்த ஊசியும் இல்லை. ஸ்பீச் தெரபி அம்மா ஒருவர். எட்டு மாதம் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, டம்ளர் படம் போட்ட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழக்கினார். அட்டையின் ஓரமெல்லாம் அவன் பல் பதிந்திருக்கும். ஊரெல்லாம் குணமாக்கக் கிளம்பியிருக்கும்போது அவர் ஒருவர்தான் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்.

நாலாவது வியாழக்கிழமை பையன் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். நேராக ஜன்னலுக்குப் போய் அந்த அட்டையை நீட்டினான். தாகம்.

உள்ளே இருந்தவர் தலை நிமிரவில்லை. “இது இல்லப்பா, ஆதார் கார்டு.”

மார்க் 74. பாஸ். பள்ளிக்கூடம் இன்னும் கிடைக்கவில்லை.