பாசியை நம்பினோர் கைவிடப்படார்

கேள்வி: வீட்டு வெளிச்சுவர், மொட்டைமாடி கழுவித் தரும் சிறு தொழில் செய்கிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஒருவரும் மறுபடி கூப்பிடுவதில்லையே? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: கோபம் இல்லை, மறதி. பக்கத்து வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கும்வரை தன் சுவரை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. செப்டம்பரிலேயே ஒரு போன் போடுங்கள்: "சார், மாடிக் குழாய் வாயில சருகு அடைச்சிருக்கும், எடுத்துடலாமா?" மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. குழாய் அடைத்தால் தண்ணீர் தொட்டிக்குப் போகாது, மாடியில் தேங்கிப் படுக்கையறைச் சீலிங்குக்குத்தான் இறங்கும். இதைச் சொன்ன பிறகும் 'அப்புறம் பார்க்கலாம்' என்பவர் வாடகைக்குக் குடியிருப்பவராகத்தான் இருப்பார்!

அடுத்த போன் பொங்கலுக்கு முன். மழை விட்டிருக்கும், குளிர்காலத்தில் வெயில் படாத வடக்குச் சுவரில் பாசி பச்சைப் பசேலென்று உங்களுக்காக விளம்பரம் செய்துகொண்டிருக்கும்.

ஒன்று கவனம். பிரஷர் கன்னைக் கையில் எடுத்ததும் சிலருக்கு ராணுவ வீரர் நினைப்பு வந்துவிடுகிறது. தட்டோடு பதித்த மாடியில் வேகத்தைக் கூட்டினால் ஓட்டு இடுக்கின் பூச்சு பெயர்ந்து, அடுத்த மழையில் ஒழுகும். அப்போது நிச்சயம் கூப்பிடுவார்கள், வேலைக்கு அல்ல.

கழுவிய அழுக்குத் தண்ணீரைப் பக்கத்து வீட்டு வாசலில் விடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர் போய்விடுவார்கள். பணம் வாங்கும்போதே அடுத்த தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.