சாக்ஸ் தரிசனம்

பங்குனி வெயிலில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிராகாரத்தை சாக்ஸோடு சுற்றுகிறவர்களில் நீங்களும் ஒருவர்தான். நடிக்க வேண்டாம். முதலில் அந்தக் கணுக்காலுக்குக் கீழே நிற்கிற குட்டை சாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன்.

"இப்ப இதுதான் சார் ஓடுது" என்று போன வாரம் ஒரு கடைக்காரர் தலையில் கட்டினார். உண்மைதான், ஓடுகிறது. காந்தி ரோட்டில் குதிகாலில் இருந்தது. சின்ன காஞ்சிபுரம் வருவதற்குள் உள்ளங்காலுக்கு இறங்கியது. குனிந்து இழுத்துவிட்டேன், நாலு கடை தாண்டுவதற்குள் மறுபடி இறங்கியது. சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று இழுத்தேன். தெரிந்தவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "சுளுக்கா சார்?" என்றார். இடது கால் சாக்ஸ் ஒழுங்காக இருந்தால் வலது கால் சாக்ஸுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் இரண்டும் விரலோரம் உருண்டையாகச் சுருண்டு படுத்துவிட்டன. கோயில் வாசலில் ஷூவைக் கழற்றினால் கால் மட்டும் வெளியே வந்தது. "சாக்ஸ் உள்ளயே இருக்கு சார், அதுக்கும் சேர்த்து ஒரே டோக்கன்தான்" என்றார் செருப்பு வாங்கி வைக்கும் அம்மா.

சரி, நீள சாக்ஸ்? வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை போட்டால் லீவில் வந்த போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது. நடுத்தர நீளம் கல் சூட்டுக்குச் சரி. ஆனால் எந்தக் கோயிலிலும் விளக்குப் பக்கம் சிந்திய எண்ணெயை முதலில் கண்டுபிடிப்பது சாக்ஸ்தான். அதோடு பெருமாள் நிற்கும் அத்திகிரியின் 24 படிகளை ஏறிப் பாருங்கள். பக்தி தானாக வரும்.

இத்தனைக்கும் இது அங்குலக் கணக்கில் புலியான ஊர். பட்டுச் சேலைக்குக் கரை எத்தனை அங்குலம் என்று அரை நாள் பேசுவார்கள். தறியில் சேலை உடலையும் கரையையும் கோர்வையாகச் சேர்க்க மூன்று நாடா, இரண்டு ஆள். குழித்தறியில் உட்கார்ந்து வெறுங்காலால் மிதிக்கிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. சாக்ஸ் கேட்டால் மட்டும், "ஃப்ரீ சைஸ் சார்."

பழங்காலத்தில் இப்படி இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் எகிப்திலிருந்து வந்த சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது. சுமார் 1,600 வருஷப் பழசு. செருப்பு வாருக்காகக் கட்டைவிரல் தனியாகப் பிரித்துப் பின்னியது. அந்தக் காலத்து ஆளுக்கு என்ன செருப்பு என்று கேட்டுப் பின்னியிருக்கிறார்கள். எனக்கு மூன்று ஜோடி நூறு ரூபாய், பில் கிடையாது, மாற்றித் தரமாட்டார்களாம்.