கவர் சார்

சென்னையில் எந்த அடுக்ககத்தின் தரைத்தளத்துக்குப் போனாலும் தூண்களுக்கு நடுவே ஒரு கார் சாம்பல் நிறக் கவரைப் போர்த்திக்கொண்டு நிற்கும். உரிமையாளர் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. காலை வாக்கிங் முடிந்து லிஃப்டுக்குப் போகிற வழியில் எவர் நின்று, குனிந்து, கவரின் எலாஸ்டிக்கை பம்பருக்குக் கீழே இழுத்துவிட்டு, திருப்தியோடு நிமிர்கிறாரோ அவர்தான். பெயர் எதுவாகவும் இருக்கலாம். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் கவர் சார்.

கவர் சார் காரை ஓட்ட மாட்டார், விற்கவும் மாட்டார். ஓட்டாததற்குக் காரணம் மெட்ரோ ரயில் வேலை. அது முடிந்த பிறகு டிராஃபிக். விற்காததற்கு ஒரே காரணம்தான்: "இந்தக் கண்டிஷன்ல இன்னொரு வண்டி காட்டுங்க பாப்போம்." அந்தக் கண்டிஷனை நேரில் பார்த்தவை எலிகள் மட்டுமே. வேளச்சேரியில் எங்கள் வளாகத்துக் கவர் சாரிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. டாக்டரிடம் போக, கல்யாணத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் ஆட்டோதான். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டால் மட்டும், "வண்டி இல்லாமலா உன்னைக் கூப்பிட்டேன்?" என்று கேட் பக்கம் கையைக் காட்டுவார்.

காரை ஓட்டுகிறவர்கள் யாரும் மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்ததில்லை. ஓட்டாத கவர் சாருக்கு அது மனப்பாடம். ஒருமுறை அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், உங்க வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு சொல்றாங்களே..."

"முடியலை, முடிச்சேன். 146-ஆவது பிரிவைப் படிச்சிருக்கீங்களா? பொது இடத்துல பயன்படுத்தினாதான் தேர்ட் பார்ட்டி கட்டாயம். இது பொது இடமா? அப்புறம் எதுக்கு வாட்ச்மேனுக்கு சம்பளம் குடுக்கறோம்?"

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். கவர் சார் சொன்னது சரி என்பதுதான் வேதனை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இன்ஷூரன்ஸ் கேட்பது பொது இடத்தில் பயன்படுத்தும் வண்டிக்கு. கேட்டுக்கு உள்ளே, உரிமையாளருக்கு ஒதுக்கிய இடத்தில், கவருக்குள் தூங்கும் வண்டியைப் பிடித்து 2,000 ரூபாய் அபராதம் போட எந்தப் போலீஸ்காரரும் வரப்போவதில்லை.

இங்கிலாந்தில் பிறந்திருந்தால் இந்த நிம்மதி அவருக்கு வாய்த்திருக்காது. அங்கே வண்டியை ரோட்டில் இறக்கவில்லை என்றால் அதையே அரசுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். 1998 முதல் இப்படி. வரியும் கட்டாமல் அறிவிப்பும் தராமல் இருந்தால் 80 பவுண்டு அபராதக் கடிதம் வீடு தேடி வரும். 2011-க்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்கும் அதே கெடுபிடி. நம் ஊரில் சொந்தக் காரைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வரியைப் புதுசு வாங்கும்போதே லைஃப் டாக்ஸ் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குமேல் நீங்கள் ஓட்டினால் என்ன, கவர் போட்டால் என்ன.

இந்த லைஃப் டாக்ஸ்தான் கவர் சாரின் நெஞ்சில் முள். "ரோட்டுக்குக் கட்டின வரி. நான் ரோட்டையே தேய்க்கலையே!" 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள்ளேயே ஓடிய 36 வாகனங்களுக்கு, பொதுச் சாலைக்கு வராத காலத்துக்கு வரி கேட்கக் கூடாது என்றது. கவர் சார் அந்தச் செய்தியை வெட்டி, லாமினேட் செய்து, டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். அவர் இனிக் கட்ட வேண்டிய ரோடு டாக்ஸ் எதுவும் இல்லை என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வருடத்துக்கு ஒருநாள் அந்தக் கவர் விலகும். ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பழம் நசுங்க வண்டி இரண்டடி நகர வேண்டுமல்லவா? முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்துதான் நகர்த்துவார். மூன்றாவது மாடியில் குடிவந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், ஓர் ஆயுத பூஜையன்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, "அங்கிள், இன்ஷூரன்ஸுக்குத்தான் பொது இடம். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 39-ஆவது பிரிவு. பொது இடத்துலயோ வேற எந்த இடத்துலயோ ஓட்டக் கூடாதுன்னு இருக்கு" என்று போட்டு உடைத்துவிட்டார். 2004 மாடல் வண்டியின் ஆர்.சி. 15 வருடத்தோடு 2019-லேயே முடிந்துவிட்டது. கவர் சார் அன்று சுண்டலைத் தொடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து வாட்ச்மேனும் இஸ்திரி போடுபவரும் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அதைச் சட்டம் ஓட்டுவதாகக் கருதாது என்பது கவர் சாரின் கட்சி.

ஆர்.சி.யைப் புதுப்பித்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். காரை எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கொண்டுபோக வண்டி ரோட்டில் இறங்க வேண்டும். இறங்க இன்ஷூரன்ஸ் வேண்டும். முழு இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால், பாலிசி விட்டுப்போன வண்டி என்பதால் கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார், இல்லை வீடியோ கேட்பார். வீடியோவில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு பேட்டரியில் உயிர் வேண்டும். இதற்கிடையில் கட்டணம் வேறு வளர்ந்துகொண்டிருக்கிறது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 என்றாக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. பசுமை வரி அதற்கும் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் தொகை வண்டியின் விலையைத் துரத்திக்கொண்டு வருகிறது. சட்டப் பிரிவுகளைத் தலைகீழாகச் சொல்லும் கவர் சார் இந்தக் கூட்டலை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

பிரீமியத்தில் மிச்சம் பிடித்த கதையும் அப்படித்தான். ஐந்து வருடம் கிளெய்மே போடாமல் இருந்ததற்காக அவருக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் சேர்ந்திருந்தது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்திருந்தால் அது கையில் நின்றிருக்கும். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று விட்டார். சலுகை மொத்தமும் போயிற்று. இத்தனைக்கும் பழைய மோட்டார் கட்டண விதிகளிலேயே இவரைப் போன்றவர்களுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. வண்டியைக் குறைந்தது இரண்டு மாதம் ஓட்டாமல் வைக்கப்போகிறேன் என்று கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், அந்தக் காலத்துக்குத் தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் காப்பு வைத்துக்கொண்டு பிரீமியத்தில் சலுகை பெறலாம். ஏஜெண்டுகள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அவருடைய நம்பிக்கையெல்லாம் வின்டேஜ் விதியில். 2021-ல் வந்த அந்த விதிப்படி, பதிவாகி 50 வருடம் தாண்டிய, உருமாற்றாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு, இப்படிச் சிலவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். ஓட்டாமல் வைத்திருப்பதற்கு அரசே தரும் பட்டம் என்று கவர் சார் பூரித்துப்போனார். அவருடைய மாருதிக்கு 2054-ல் தகுதி வரும். அப்போது அவருக்கு வயது நூற்றுமூன்று.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், 2015 வெள்ளத்தை மறக்காத வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வளாகமே கிளம்பியது. கவர் சார் முதலில் அசையவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேட்டைத் தொட்டபோது கீழே இறங்கி வந்தார். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், இரண்டாம் மாடிக் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் கொட்டும் மழையில் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே நேராக உட்கார்ந்திருந்தார். பாலத்தில் ஏற்றி நிறுத்தியதும் கவரை எடுத்துப் போர்த்தினார். அன்றிரவு அந்தப் பாலத்தில் கவர் போட்டிருந்த ஒரே வண்டி அதுதான்.

வழக்கறிஞர் குடையோடு வந்தார். "அங்கிள், இது பொது இடம்."

"நான் ஓட்டலையே. தள்ளிட்டுத்தானே வந்தோம். வண்டி சும்மா நிக்குது."

சும்மா நிற்கிற வண்டியைப் பற்றியும் தீர்ப்பு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1987-ல் பெட்ரோல் டாங்கர் ஒன்று நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கவிழ்ந்து, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வெடித்தது. அசையாமல் கிடந்ததைப் பயன்பாடு என்று எப்படிச் சொல்லலாம் என்ற வாதம் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1991-ல் நீதிமன்றம், கவிழ்ந்து கிடந்தாலும் பயன்பாடுதான் என்றது. பாலத்துச் சரிவில் அந்த 800-இன் ஹேண்ட்பிரேக் விட்டுக்கொடுத்து யார் மீதாவது உருண்டிருந்தால், நஷ்டஈடு முழுவதையும் கவர் சார் தன் பென்ஷனிலிருந்து எடுத்துவைத்திருக்க வேண்டும். நல்லவேளை, துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் விடவே விடாது. காலையில் அதை விடுவிக்க மெக்கானிக் வர வேண்டியிருந்தது.

1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் நாளொன்றுக்கு ஏழு ரூபாய் ஆகாது. வெள்ளத்தில் சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கு அது ஒரு பைசா தராது. அடுத்தவருக்கு நம் வண்டியால் வரும் சேதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். அதற்கு யாரும் வந்து வண்டியைப் பார்க்கவும் வேண்டாம், போனிலேயே எடுத்துவிடலாம். உங்கள் வீட்டிலும் ஒரு கவர் சார் இருந்தால், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவர் பெயரில் எடுத்துவிடுங்கள். அவரிடம் மட்டும் கேட்காதீர்கள், 146-ஆவது பிரிவைப் படித்துக் காட்டுவார்.