குழிக்குள் ஒரு கடல் விருந்து

கேள்வி: மண்ணில் குழி தோண்டி, அதற்குள் மட்டியும் சிப்பியும் சமைக்கிறார்களாமே! சாப்பிடுகிறவர் வாயில் மண் விழாதா?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: விழாது. சிலி நாட்டின் சிலோயே தீவில் ‘குராந்தோ’ விருந்து தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வேகிறது. குழிக்குள் கற்களைப் பரப்பி, விறகு மூட்டிச் சிவக்கக் காய்ச்சுவார்கள். பிறகு தணலை வழித்து எடுத்துவிடுவார்கள். ஆக, விருந்து வேகும்போது குழியில் நெருப்பே கிடையாது! முதலில் மட்டியும் சிப்பியும் ஓட்டோடு, நேராகச் சுடுகல்லின் மேல். சூட்டில் அவை வாய் பிளந்ததும், உள்ளே இருந்த கடல்நீர் கல்லில் சொட்டி ‘சுர்ர்’ என்று ஆவியாகும். மேலடுக்கில் உள்ள இறைச்சியும் உருளைக்கிழங்கும் அந்த உப்பு ஆவியிலேயே வெந்துவிடும். நம் இட்லிப் பானை மாதிரிதான். இங்கே தண்ணீர் ஊற்றுவது சிப்பியின் வேலை. அந்த ருசி எந்த அடுப்பிலும் வராது.

மூடியாக, ஒரு மீட்டருக்கும் மேல் விரியும் நல்கா இலை. அதன்மேல் ஈரச் சாக்கு, புல்லோடு பெயர்த்த மண்கட்டி. இலையைத் தாண்டி மண் இறங்காது.

செய்து பார்ப்பதானால், ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.