நான்கு கருணை மதிப்பெண் கோரி விண்ணப்பம்

பெறுநர்: செயலர் அவர்கள், மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை, புதுதில்லி.

ஐயா,

மூன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகனுக்கு வாசிக்க வரவில்லை. ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டினால், கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து, எதை முதலில் படிப்பது என்று கேட்கிறான். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நேற்றுப் படித்த கொக்கை இன்று காட்டினாலும் புதுப் பறவையைப் பார்ப்பதுபோல் விழிக்கிறான். காதால் கேட்ட பாடத்தை மட்டும் வரி பிசகாமல் ஒப்பிப்பான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சரே இதைச் சொல்லிவிட்டார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 7 ஆக இருந்த குறைபாடுகளை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்து, அதைக் கூடிய விரைவில் கண்டறியச் சொல்கிறது. 2018 ஜனவரியில் வந்த தங்கள் வழிகாட்டுதலோ, 8 வயதுக்கு முன் சான்றிதழ் இல்லை என்றது. பட்டா மாறுதலுக்கு அலைந்த எனக்குச் சர்க்காரின் ‘விரைவில்’ தெரியாததா? காத்திருந்தோம். அதற்குள் வகுப்பே அவனுக்கு ‘மக்கு’ என்று சான்றளித்துவிட்டது. அதற்கு வயது வரம்பும் இல்லை, ஆதார் நகலும் கேட்பதில்லை.

எட்டு வயது முடிந்ததும் சான்றிதழுக்குப் போனோம். தங்கள் 2018 நெறிமுறைப்படி முதலில் நுண்ணறிவுச் சோதனை. 85-ஐத் தாண்டினால்தான், பெங்களூரு நிம்ஹான்ஸ் வகுத்த வாசிப்பு, எழுத்துச் சோதனைகளுக்கே உட்காரவைப்பார்களாம். இவன் எடுத்தது 82.

படிப்பு வரவில்லை என்று நிரூபிக்கும் பரீட்சையிலும் என் மகன் ஃபெயில், ஐயா.

அந்த நுண்ணறிவுச் சோதனை, நாக்பூரில் மாலின் என்பவர் அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கச் சோதனை ஒன்றை நம் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தது. அதில் பொது அறிவு உண்டு, சொற்பொருள் உண்டு, கணக்கும் உண்டு. இவையெல்லாம் வாசித்துச் சேர்க்க வேண்டிய சரக்கு. வாசிக்க முடியாததால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்ததால், வாசிக்க முடியாதவன் என்று ஏற்பதற்கில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு 85-க்கு மேல்தான் இருந்திருக்கும்.

70-க்குக் கீழே போயிருந்தால் அறிவுசார் குறைபாடு என்று வேறு வரிசை இருக்கிறது. நடுவில் விழுந்தவனைப் பள்ளியில் ‘மெல்லக் கற்பவர்’ என்கிறார்கள். மரியாதையான பெயர்தான், ‘ர்’ விகுதியெல்லாம் போட்டு. ஆனால் அந்தப் பெயருக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எதையும் கேட்க முடியாது.

எங்கள் நிலைமை இதுதான்: மேலே ஏற 4 புள்ளி வேண்டும், கீழே இறங்க 13. எது பக்கம் என்று வீட்டில் கூடிப் பேசி, ஏறுவதென்றே தீர்மானித்திருக்கிறோம். ஆகவே கருணை மதிப்பெண் 4 வழங்கி ஆவன செய்ய வேண்டுகிறேன்.

விதியில் அதற்கு இடமில்லையென்றால், மறுகூட்டலுக்கு எவ்வளவு கட்டணம், எந்த வங்கியில் டிடி எடுக்க வேண்டும் என்றாவது தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
82-இன் தகப்பன்